வெட்டிய புல்லைக் காய்கறித் தோட்டத்தில் பயன்படுத்துவது எப்படி?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கொல்லைப்புறத்தில் புல் கணுக்காலைத் தொடும். கார்த்திகை முடிவதற்குள் முழங்காலுக்கு வந்துவிடும். அதை வெட்டி மதிலோரம் குவித்துக் காய்ந்ததும் கொளுத்துவது, அல்லது சாக்கில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுப்பது பெரும்பாலான வீடுகளின் வழக்கம். அதே வீட்டில் பங்குனி, சித்திரை மாதங்களில் காலையும் மாலையும் நீர் ஊற்றியும் கத்தரிச் செடி நடுப்பகலில் துவண்டு நிற்கும். தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளில் புல்லைக் காய்கறித் தோட்டத்துக்குப் பயன்படுத்த நினைப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இந்தக் காலப் பொருத்தமின்மையைத்தான். புல் மிகுதியாகக் கிடைக்கும் மாதங்களில் பாத்திக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. பாத்தி அதற்காக ஏங்கும் மாதங்களில் புல்லே இருக்காது. குளிர்நாடுகளில் கோடையில்தான் புல் செழித்து வளரும் என்பதால், வெட்டிய கையோடு செடியடியில் பரப்புங்கள் என்று அந்நாட்டுத் தோட்டக் குறிப்புகள் சொல்கின்றன. நமது தட்பவெப்பத்தில் அந்த ஒரே முறையை மட்டும் நம்பியிருக்க முடியாது. மழைமாதப் புல்லை மட்கவைப்பது, தைமாதப் புல்லை உலர்த்திச் சேமிப்பது, கோடையில் அதை மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாக, விரிப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒரு கூடைப் புல்கூட வீணாகாது.

வீட்டில் மாடு இருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்படாது. நல்ல புல் முதலில் மாட்டுக்குப் போகட்டும். சாணமாகத் திரும்பி வருவது புல்லைவிட மேலான உரம். ஆனால் இயந்திரத்தால் பொடிப்பொடியாக வெட்டப்பட்டுக் குவியலில் கிடந்து சூடேறிய புல்லை மாட்டுக்குப் போடக் கூடாது. அது தோட்டத்துக்கு மட்டுமே ஆகும்.

புல்லில் இருப்பது என்ன

பசும்புல்லின் எடையில் ஏறக்குறைய 80 விழுக்காடு நீர்தான். 10 கிலோ பசும்புல்லை நன்றாகக் காயவைத்தால் 2 கிலோ அளவுக்கே எஞ்சும். உரமிட்டுப் பராமரிக்கப்படும் புல்தரையிலிருந்து வெட்டிய இளம்புல்லாக இருந்தால், அந்த உலர் எடையில் 3 முதல் 4 விழுக்காடு வரை தழைச்சத்தும் (நைட்ரஜன்), சுமார் 2 விழுக்காடு சாம்பல் சத்தும் (பொட்டாசியம்), அவற்றைவிடக் குறைந்த அளவில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இருக்கும். அதாவது 10 கிலோ பசும்புல்லில் 60 முதல் 80 கிராம் தழைச்சத்து இருக்கிறது. 46 விழுக்காடு தழைச்சத்துள்ள யூரியாவோடு ஒப்பிட்டால் இது சுமார் 150 கிராம் யூரியாவுக்கு நிகர். யூரியாவைப் போல இது உடனே கரைந்து வேருக்குச் சென்றுவிடாது. புல் மட்க மட்க, வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் சிறிது சிறிதாகவே வெளிப்படும். தானாக முளைத்து, தண்டு விட்டு, கதிர் வைத்து முற்றிய புல்லில் தழைச்சத்து இதில் பாதிகூடத் தேறாது. அத்தகைய புல் குணத்தில் வைக்கோலை நெருங்கிவிட்டது. அதை உரமாக எண்ணாமல் போர்வையாக எண்ணுவதே சரி.

முதற்படி: புல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தல்

புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவதாக, பூச்சிமருந்தும் களைக்கொல்லியும். அடுக்குமாடிக் குடியிருப்பு, அலுவலக வளாகம், பூங்கா போன்ற இடங்களின் புல்தரைகளில் அகன்ற இலைக் களைகளை ஒழிக்க 2,4-டி வகைக் களைக்கொல்லியைத் தெளிப்பதுண்டு. அது புல்லைக் கொல்லாது; அதனால் தெளித்த புல்லும் தெளிக்காத புல்லும் கண்ணுக்கு ஒரே பச்சையாகத்தான் தெரியும். தக்காளி, வெண்டை, மிளகாய், அவரை ஆகியவை அகன்ற இலைப் பயிர்கள் என்பதால் மிகச் சிறிய அளவு பட்டாலும் அவற்றின் இலை சுருண்டு, குறுகி, முறுக்கிக்கொள்ளும். தென்னந்தோப்புகளிலும் வரப்புகளிலும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிப்பது பரவலாக உள்ளது. அங்கே புல் மஞ்சளாகிக் கருகி நிற்பதைக் கொண்டு அடையாளம் காணலாம். களைக்கொல்லிகளில் சில, மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்தில் வெளிவந்த பிறகும் வீரியம் குறையாதவை. பிரிட்டனில் 2008-ஆம் ஆண்டில், அமினோபைராலிட் தெளித்த மேய்ச்சல் புல்லைத் தின்ற கால்நடைகளின் எருவை இட்ட வீட்டுத் தோட்டங்களில் தக்காளியும் உருளைக்கிழங்கும் பயறுவகைகளும் உருக்குலைந்தன. அதையடுத்து அந்த மருந்தின் விற்பனையே சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. எனவே வெளியிடத்துப் புல்லை வாங்குவதற்கு முன்பு, அந்த இடத்தைப் பராமரிப்பவரிடம், கடைசியாக என்ன தெளித்தீர்கள், எப்போது தெளித்தீர்கள் என்று கேட்டுவிட வேண்டும். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அந்தப் புல்லை விட்டுவிடுவதே நல்லது.

விட மனமில்லையென்றால் ஓர் எளிய சோதனை இருக்கிறது. நமது தோட்டத்து மண்ணை நான்கு சிறு தொட்டிகளில் நிரப்பி, இரண்டில் மட்டும் அந்தப் புல்லைப் பொடியாக நறுக்கிக் கலந்து, ஈரம் காயாமல் இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும். பிறகு நான்கிலும் தட்டைப்பயறு அல்லது அவரை விதையை ஊன்றி, மூன்று நான்கு இலைகள் விரியும்வரை கவனிக்க வேண்டும். புல் கலந்த தொட்டிகளில் மட்டும் இலைகள் கிண்ணம்போலக் குழிந்தோ முறுக்கிக்கொண்டோ வந்தால் அந்தப் புல் தோட்டத்துக்கு ஆகாது. இரண்டு வாரம் ஆறவிடாமல் உடனே விதைத்தால், பசும்புல் மட்குவதாலேயே முளை கெட்டு, பழி மருந்தின் மேல் விழும்.

இரண்டாவது, புல்லின் இனம். அருகம்புல்லின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும் ஆற்றல் உண்டு. வெட்டிய அருகந்தண்டை ஈரப்பாத்தியில் பச்சையாகப் பரப்பினால் அது மூடாக்காக இருப்பதற்குப் பதிலாகப் பயிராகிவிடும். பிறகு அதைக் கத்தரிச் செடியின் வேரிலிருந்து பிரிப்பது பெரும்பாடு. இலையை மட்டும் மேலாக வெட்டினால் சிக்கல் குறைவு. தரையோடு ஓடும் தண்டுகளும் சேர்ந்து வந்திருந்தால், முறித்தால் சட்டென ஒடியும் அளவுக்குக் காய்ந்த பிறகே பயன்படுத்த வேண்டும். கோரையின் தாளால் தீங்கில்லை. அதன் கிழங்கு ஒன்றுகூடத் தோட்டத்துக்குள் வரக் கூடாது. எனவே கோரையைப் பிடுங்காமல் தரைக்குமேல் அரிந்தே எடுக்க வேண்டும். காலிமனைகளில் புல்லோடு பார்த்தீனியமும் கலந்தே நிற்கும். அது பூப்பதற்கு முன்பே கையுறை அணிந்து தனியாகப் பிடுங்கி அகற்றிவிட்டு, அதன் பிறகு புல்லை வெட்டுவது நல்லது.

மூன்றாவது, இடத்தின் தூய்மை. நெடுஞ்சாலை ஓரப் புல்லிலும் கழிவுநீர்க் கால்வாய்க் கரைப் புல்லிலும் எண்ணெய், பிளாஸ்டிக், கண்ணாடிச் சில்லு என்று எல்லாம் கலந்து வரும். நாய்கள் வழக்கமாகக் கழிக்கும் இடத்துப் புல்லைக் கீரைப்பாத்திக்குக் கொண்டுவரக் கூடாது.

நமது வீட்டுப் புல்தரையாகவே இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெட்டிய புல்லை அங்கேயே விட்டுவைத்தால் அந்தப் புல்தரைக்கு ஓராண்டில் தேவைப்படும் தழைச்சத்தில் கால்பங்கு வரை அதுவே ஈடுசெய்யும். ஒவ்வொரு முறையும் வாரி எடுத்துக்கொண்டே இருந்தால் புல்தரை வெளுத்துப்போகும். ஒருமுறை எடுத்தால் அடுத்த முறை விட்டுவைப்பது நியாயமான பங்கீடு.

இரண்டாம்படி: வெட்டுதல்

கதிர் வெளிவருவதற்கு முன்பு வெட்டுவதுதான் இங்கே முதல் விதி. மழைக்காலப் புற்களில் பல, மார்கழியிலிருந்தே கதிர் வைக்கத் தொடங்கும். கதிரைத் தேய்த்தால் விதை உதிரும் நிலைக்கு வந்துவிட்ட புல்லைப் பாத்தியில் விரிப்பது களையை விதைப்பதற்குச் சமம். அதை நன்கு சூடேறும் மட்குக் குவியலுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும்.

கருக்கரிவாளால் அரிந்த புல் நீளமாக இருக்கும். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இடையில் காற்றோட்டம் விட்டு அமரும். புல்தரையில் உருட்டும் இயந்திரம் வெட்டித் தள்ளும் புல் ஓரிரு அங்குலத் துண்டுகளாக இருப்பதால் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அடையாகிவிடும். ஆகவே மூடாக்குக்கு அரிவாள் புல்லும், மட்குக்கு இயந்திரப் புல்லும் பொருத்தமானவை என்பது என் கணிப்பு. இயந்திரப் புல்தான் கிடைக்கிறது என்றால், காய்ந்த சருகைப் பாதிக்குப் பாதி கலந்துகொண்டால் மூடாக்குக்கும் ஏற்றதாகிவிடும்.

மார்கழி, தை மாதங்களில் காலைப் பனி வற்றுவதற்கு முன்பு வெட்டினால் புல்லோடு பனிநீரையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும். வெயில் ஏறிய பின் பத்து மணிவாக்கில் தொடங்கினால் உலர்த்தும் வேலையில் பாதி குறையும்.

மூன்றாம்படி: உலர்த்துதல்

தை பிறந்து மழை முற்றிலும் ஓய்ந்ததும் உலர்த்தும் பருவம் தொடங்குகிறது. சிமென்ட் தரையிலோ மொட்டைமாடியிலோ தார்ப்பாய் மேலோ நான்கு விரல் உயரத்துக்கு மேல் போகாதபடி புல்லைப் பரப்பி, காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் கிளறிவிட வேண்டும். மாலையில் அப்படியே விட்டால் இரவுப்பனி இறங்கிப் பகலில் காய்ந்ததெல்லாம் மீண்டும் நமத்துவிடும். பொழுது சாயுமுன் ஒரே குவியலாக ஒதுக்கித் தார்ப்பாயால் மூடிவைத்து மறுநாள் விரிக்கலாம். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் போதும்.

காய்ந்ததா என்று நிறத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது. வெளியில் வைக்கோல் நிறம் வந்த பிறகும் கணுவில் ஈரம் நிற்கும். ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பார்த்தால் சரசரவென்று ஒலி வர வேண்டும். தடித்த கணு ஒன்றை நகத்தால் அழுத்தினால் நீர்க்கசிவு இருக்கக் கூடாது. அரைகுறையாகக் காய்ந்ததைச் சாக்கில் திணித்தால், மறுநாள் உள்ளே கைவிட்டதும் வெதுவெதுப்புத் தெரியும். சில நாளில் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்துவிடும். அவ்வாறு பூசணம் பிடித்த புல்லை உதறும்போது எழும் தூசி மூச்சுக்குழலுக்குக் கேடு என்பதால் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, உடனே நீர் தெளித்து மட்குக் குழிக்கு அனுப்பிவிட வேண்டும்.

உலர்த்துவதால் தழைச்சத்தில் ஒரு பகுதி இழப்பாவது உண்மை. கோடைக்கு மூடாக்கு கிடைக்கிறது என்பதற்காக அந்த இழப்பை ஏற்கலாம். நன்கு காய்ந்த புல்லைக் காற்று புகும் சணல்சாக்கில் கட்டி, செங்கல் அல்லது பலகை மேல் தரையில் படாமல், மழைச்சாரலும் நெருப்பும் அண்டாத இடத்தில் அடுக்கிவைத்தால் சித்திரை வரை கெடாது. நெகிழிச்சாக்கை இறுகக் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும்.

நான்காம்படி: மூடாக்காக விரித்தல்

மண்ணை வெறுமையாக விடக் கூடாது என்பதை இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தமிழ்நாட்டு ஊர்கள்தோறும் வலியுறுத்திவந்தார். சுபாஷ் பாலேக்கர் தாம் பரப்பிய இயற்கை வேளாண்முறையின் நான்கு தூண்களில் ஒன்றாக மூடாக்கை வைத்தார். காரணம் எளிது. வெயில் நேராக மண்ணில் விழாததால் மேல்மண் குளிர்ந்திருக்கும். ஈரம் ஆவியாவது குறையும். ஒளி கிடைக்காமல் களைவிதைகள் பலவும் முளைக்காது. நீர் ஊற்றும்போதும் மழை பெய்யும்போதும் மண் தெறித்து அடியிலைகளில் படுவது நின்றுவிடும். தக்காளியில் இலைக்கருகல் நோய் பெரும்பாலும் அடியிலையிலிருந்தே மேலேறுவதால், இந்தக் கடைசிப் பயன் ஒன்றுக்காகவே மூடாக்கு போடலாம். மண்ணில் ஈரம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருந்தால் தக்காளிக் காயின் அடிப்புறம் கறுத்து அழுகும் கோளாறும் குறையும்.

விரிக்கும் முறை இதுதான். முதலில் பாத்தியில் உள்ள களைகளை வேரோடு அகற்றிவிட வேண்டும். களையின் மேல் புல்லைப் போட்டால் அது இடையில் எட்டிப்பார்த்து வளரும். அடுத்து, மண் ஒரு சாண் ஆழம் நனையும்படி நீர் பாய்ச்ச வேண்டும். காய்ந்த மண்ணின் மேல் மூடாக்கைப் போட்டால் அது வறட்சியைத்தான் காக்கும். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அது மூடாக்கின் அடியில் இருக்கட்டும். பிறகு புல்லை உதறி உதறி, கட்டியாக விழாமல் தூவ வேண்டும்.

கனம் எவ்வளவு என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். உலர்ந்த புல் என்றால் தூவும்போது மூன்று அங்குலம் வரை இருக்கலாம். ஒரு வாரத்தில் படிந்து பாதியாகிவிடும். பசும்புல் என்றால் 2 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 2 சென்டிமீட்டர் கனம் என்பது 20 லிட்டர் கொள்ளளவு; அதாவது ஒரு பெரிய வாளி நிறையப் புல்லை ஒரு மீட்டர் நீள, ஒரு மீட்டர் அகலப் பாத்திக்குப் போட்டால் அளவு சரியாக இருக்கும். அந்த அடுக்கு பழுப்பேறிச் சுருங்கிய பிறகு அடுத்த அடுக்கைத் தூவலாம். நிறையப் புல் கிடைத்துவிட்டதே என்று பசும்புல்லை ஒரு சாண் உயரத்துக்குக் குவித்தால், அதன் உட்பகுதி காற்றில்லாமல் புளித்து, கொழகொழத்து, தோசைக்கல்லில் ஒட்டிய மாவுபோல ஒரே தகடாகப் படிந்துவிடும். அந்தத் தகட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூசணமும் அழுகிய வாடையும் இருக்கும். மேலே ஊற்றிய நீரும் உள்ளே இறங்காமல் பக்கவாட்டில் வழிந்தோடும். இந்த நிலையைக் கண்டால் முள்வாரியால் கிளறி உதிர்த்து, சருகு கலந்து, மெல்லியதாகத் திரும்பப் பரப்பினால் போதும்.

செடியின் தண்டைச் சுற்றி மூன்று விரல் இடைவெளி வெறுமையாக இருக்க வேண்டும். ஈரப்புல் தண்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கழுத்துப்பகுதி அழுகும். இளநாற்றுகளில் இது மிக விரைவாக நடக்கும். அதனால் நாற்று நட்டவுடன் மூடாக்குப் போட வேண்டாம். வேர்பிடித்துப் புதுத்தளிர் விடும்வரை பொறுக்கலாம். நேரடியாக விதைக்கும் அரைக்கீரை, சிறுகீரை, முள்ளங்கி போன்றவற்றுக்கு விதைத்த பாத்தியின் மேல் புல்லைப் பரப்பக் கூடாது. முளைத்து விரல் நீளம் வளர்ந்தபின் வரிசைகளுக்கு இடையில் மட்டும் மெல்லியதாகத் தூவலாம். உண்மையில் நெருக்கமாக வளரும் கீரைப்பாத்திக்கு மூடாக்கே அவசியமில்லை, இலைகளே நிழல் தந்துவிடும். கத்தரி, மிளகாய், வெண்டை, தக்காளி போன்று மாதக்கணக்கில் நின்று காய்ப்பவையும், குழியில் ஊன்றும் பாகல், புடலை, சுரை, பூசணி ஆகியவையும்தான் இதனால் பெரும்பயன் அடைகின்றன. கையிருப்பில் புல் குறைவாக இருந்தால் முதலில் கொடிக்குழிகளுக்கும் கத்தரிக்கும் கொடுக்கலாம்.

மூடாக்குப் போட்டபின் நீர் ஊற்றும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பூவாளியால் மேலோட்டமாகத் தெளிக்கும் நீர் புல்லை நனைப்பதோடு நின்றுவிடும். மேலே ஈரம் பளபளக்க, அடியில் வேர் காய்ந்துகிடக்கும். புல்லை ஒதுக்கிவிட்டுத் தண்டுக்குச் சற்றுத் தள்ளி, மெதுவாக, நிறைய ஊற்ற வேண்டும். அடுத்த முறை எப்போது என்பதை நாள்கணக்கால் அல்லாமல் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். மணற்பாங்கான மண்ணிலும் செம்மண்ணிலும் இந்த இடைவெளி எவ்வளவு நீள்கிறது என்பதைச் சித்திரை வெயிலில் கண்கூடாகக் காணலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர்மாறாக நடக்க வேண்டும். கரிசல், களிமண் நிலங்களில் அடைமழையின்போது கனத்த மூடாக்கு இருந்தால் மண் ஆறவே ஆறாது. வேர் மூச்சுத்திணறி இலை மஞ்சளாகும். அந்த மாதங்களில் புல்லைப் பாத்தியிலிருந்து வாரி, நடைபாதையில் போட்டுவைப்பது நல்லது. சேறு மிதிபடாமல் நடக்கவும் அது உதவும்.

ஐந்தாம்படி: மழைமாதப் புல்லை மட்கவைத்தல்

உலர்த்த வெயில் இல்லாத மாதங்களில் வெட்டும் புல் மட்குக்குப் போகட்டும். புல்லை மட்டும் குவித்தால் மட்காமல் அழுகும். மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்கு வரை இருப்பது ஏற்றது. இளம்புல்லில் அது 15 முதல் 20 பங்குதான். காய்ந்த சருகிலும் வைக்கோலிலும் 50-க்கு மேல், பதப்படுத்தாத தென்னை நார்க்கழிவில் 100-க்கும் மேல். ஆகவே ஒரு கூடைப் பசும்புல்லுக்கு இரண்டு கூடைச் சருகு என்ற அளவில் கலந்தால் ஏறக்குறைய சரியாக வரும். மா, வேம்பு, புங்கன் என்று எந்த மரத்தின் சருகும் ஆகும். நார்க்கழிவாக இருந்தால் அரைக்கூடை போதும்.

மேட்டுப்பாங்கான இடத்தில், அடியில் சுள்ளிகளைப் பரப்பி, அதன்மேல் சருகும் புல்லும் மாறி மாறி மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, அடுக்குக்கு ஒருமுறை சாணக்கரைசலைத் தெளிக்க வேண்டும். சாணம் கிடைக்காத நகரத்தில் பழைய மட்கு உரம் இரண்டு கை அளவு தூவினாலும், புளித்த மோரை நீரில் கரைத்துத் தெளித்தாலும் வேலை நடக்கும். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் உள்ளே சூடு தங்கும். மேலே தென்னங்கீற்றோ தார்ப்பாயோ போட்டு மழைநீர் நேராக இறங்காமல் தடுக்க வேண்டும். ஈரம் சரியா என்று அறிய ஒரு பிடியை எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும், கசியவே இல்லையென்றால் நீர் தெளிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவினால், கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். குவியல் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறிச் சில நாள் நின்றால் களைவிதைகளில் பெரும்பாலானவை முளைக்கும் திறனை இழக்கும். ஓரத்தில் உள்ளவை அந்தச் சூட்டைப் பெறாது; எனவே சூடு தணிந்ததும், பத்து நாளுக்கு ஒருமுறையாவது, வெளிப்புறத்தை உள்ளேயும் உட்புறத்தை வெளியேயும் ஆக்கிப் புரட்ட வேண்டும். அம்மோனியா நெடி அடித்தால் புல் மிகுதி, அழுகல் நாற்றம் வந்தால் காற்றுக் குறைவு. இரண்டுக்கும் மருந்து சருகு கலந்து புரட்டுவதுதான். கார்த்திகையில் போட்ட குவியல் தை முடிவுக்குள் கறுத்து, உதிர்ந்து, மழைநனைந்த மண்ணின் மணத்தோடு வந்துவிடும். தைப்பட்டத்துக்கு நட்ட நாற்றுகளுக்கு அதை முதல் மேலுரமாகத் தரலாம். மண்புழுத் தொட்டி வைத்திருப்பவர்கள் பசும்புல்லை நேராக அதில் போட்டுவிடக் கூடாது. அது கிளப்பும் சூட்டில் புழுக்கள் செத்துவிடும். இரண்டு மூன்று வாரம் வெளியில் மட்கி ஆறிய பிறகு கொடுக்க வேண்டும்.

மண்ணில் புதைத்தல், ஊறல் நீர்

பசுந்தாள் உரப்பயிர்களான தக்கைப்பூண்டையும் சணப்பையையும் மடக்கி உழுவதைப் போல, காலிப்பாத்தியில் பசும்புல்லைப் பரப்பிக் கொத்திப் புதைக்கலாம். புதைத்த நாளிலிருந்து மூன்று வாரமாவது பாத்தியை ஆறவிட்டுத்தான் விதைக்கவோ நடவோ வேண்டும். முற்றிய, காய்ந்த புல்லைப் புதைக்கவே வேண்டாம். அதை மட்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால், நட்ட செடி சில வாரம் வெளிறிப் போகும். அதே புல் மண்ணின் மேலே கிடந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

புல்லை வாளியில் ஊறவைத்து அந்த நீரைச் செடிக்கு ஊற்றுவதும் உண்டு. வாளியில் பாதியளவு பசும்புல்லைப் போட்டு, நீரை நிரப்பி, நாள்தோறும் ஒரு குச்சியால் கலக்கிவிட்டு, ஐந்தாறு நாளில் வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து வேரில் ஊற்ற வேண்டும்; இலையில் தெளிக்க வேண்டாம், கீரைக்கு ஊற்றவே வேண்டாம். நாற்றம் கடுமையாக இருக்கும். அதைவிட முக்கியமாக, திறந்த வாளி கொசுவுக்குத் தொட்டில் என்பதால் மெல்லிய துணியால் வாயை இறுகக் கட்டியே வைக்க வேண்டும். இந்த முறையை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. அந்தப் புல்லை மட்கவைத்தால் கிடைக்கும் பயன் நீடித்தது.

வரக்கூடிய தொல்லைகள்

செம்மண் நிலங்களில் காய்ந்த மூடாக்குக்குக் கரையான் வரும். உயிருள்ள, நீர் குறையாத செடியை அது பொதுவாக விட்டுவைக்கும். காய்ந்த புல்லைத்தான் தின்னும். ஆனாலும் தண்டைச் சுற்றிய இடைவெளியை அகலப்படுத்தி, வேப்பம்புண்ணாக்குத் தூளைத் தூவி, மூடாக்கின் அடிப்பகுதி முழுக்கக் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் கவலைப்பட வேண்டியதில்லை. மழைக்காலத்தில் நத்தைகள் ஈரப்புல்லின் அடியில் பகலெல்லாம் ஒளிந்திருந்து இரவில் இளந்தளிரைத் தின்னும். மாலையில் ஈரச்சாக்கு ஒன்றைப் பாத்தியோரம் விரித்துவைத்து, விடியற்காலையில் அதைத் தூக்கினால் அடியில் கூடியிருப்பவற்றைப் பொறுக்கி எடுத்துவிடலாம். வெறுங்கையால் தொடாமல் குச்சியாலோ கையுறையோடோ எடுக்க வேண்டும். கனத்த மூடாக்கில் பாம்பு, தேள் அண்டும் ஊர்களில், கையை உள்ளே விடுவதற்கு முன்பு கம்பால் தட்டிப் பார்ப்பது கட்டாயம்.

மாடித்தோட்டப் பைகளுக்கு இவ்வளவு விரிவு தேவையில்லை. பையின் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே மண்கலவை நிற்கும்படி பார்த்துக்கொண்டு, அந்த இடத்தில் உலர்ந்த புல்லைத் தளர்வாக நிரப்பினால் போதும். பசும்புல்லைப் பையில் போட வேண்டாம். சிறிய பரப்பில் அது கிளப்பும் சூடும் ஈக்களும் மாடியில் பெருந்தொல்லை. காற்றில் பறக்காதிருக்க, தூவியதும் ஒருமுறை நீர் தெளித்துப் படியவைக்க வேண்டும்.

கோடையின் மூடாக்கு ஆனி முடிவதற்குள் மெலிந்து, மண்ணோடு கலக்கும் நிலைக்கு வந்திருக்கும். ஆடிப்பட்டத்துக்குப் பாத்தியைத் திருத்தும்போது, மேலே மட்காமல் கிடக்கும் தண்டுகளை மட்டும் வாரி அடுத்த மட்குக் குவியலின் அடித்தளத்துக்கு எடுத்துவைத்துவிட்டு, கீழே கறுத்துப்போன மெல்லிய அடுக்கை மண்ணோடு லேசாகக் கொத்திவிட்டு விதைக்கலாம்.